பூஜை அறைத் தவில்

ஒன்பது அறைகளிலும் ஒரே பாட்டு கேட்கும்படி ஸ்பீக்கர் மாட்டி முடித்த பூங்கோதையை, வீட்டின் சொந்தக்காரர் தணிகாசலம் நான்காவது முறையாக ஏணியில் ஏறச் சொன்னார்.

"பூஜை அறையில தவில் சத்தம் கம்மி. இங்க ஹால்ல நின்னாலே என் காதுக்குத் தெரியுது. சரி பண்ணு, இல்லாட்டி எல்லாத்தையும் கழட்டிட்டுப் போ."

கிரகப்பிரவேசத்துக்கு ஆட்கள் வந்து உட்கார ஆரம்பித்துவிட்டார்கள். பூங்கோதை ஏணியோடு பூஜை அறைக்கு ஓடினாள், இரண்டே நிமிடத்தில் திரும்பினாள்.

"இப்ப கேளுங்க சார்."

தணிகாசலம் கண்ணை மூடித் தலையாட்டினார். "ஆங், இப்பதான் பூஜை அறையிலேர்ந்து தவில் கணீர்னு வருது. என்ன பண்ணின?"

அவள் தோள்பையிலிருந்து பூஜை அறை ஸ்பீக்கரை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"கழட்டச் சொன்னீங்களே சார். முதல்ல இதைக் கழட்டினேன்."