அரசரின் இருமல்

காற்றில் ஓடும் வண்டியைச் செய்தவள் தையல்நாயகி. மாடு வேண்டாம், குதிரை வேண்டாம். கப்பல்போலப் பாயை விரித்தால் பறக்கும். அந்த ஒரு வண்டியால் கடற்கரை உப்பு வணிகம் முழுவதும் வெண்மணல் நாட்டின் கைக்கு வந்தது. கொஞ்ச நாள்தான். ஆற்றுக்கு அக்கரை நாட்டிலும் அதே வண்டி ஓடத் தொடங்கியது.

வெண்மணல் நாட்டு அமைச்சர் பரஞ்சோதி, மூச்சு வாங்கத் தன் குரு குயிலனாரிடம் ஓடி வந்தார்.

குரு மாமரத்தடியில் உட்கார்ந்து மைனா மாதிரி கத்திக்கொண்டிருந்தார். மேலே இருந்த மைனாக்கள் குழம்பிப்போய்ப் பதில் கத்தின.

“குருவே, விளையாட இதுவா நேரம்? நம் வண்டியின் இடது சக்கரம் கிறீச்சிடும் இல்லையா? அந்தக் கிறீச்சைக்கூட விடாமல் காப்பியடித்திருக்கிறார்கள்!”

“கிறீச்சையுமா!” குரு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “அடேயப்பா, என்ன சிரத்தை!”

“சிரிக்காதீர்கள். தையல்நாயகி அடுத்து ஏதோ செய்துகொண்டிருக்கிறாள். அதுவும் அக்கரைக்குப் போய்விடக் கூடாதாம். பொழுது சாய்வதற்குள் அவளைச் சிறையில் அடைத்துப் பட்டறையைப் பூட்டச் சொல்லி அரசர் கட்டளை. செய்யலாமா, கூடாதா?”

குரு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தார். இருமினார்.

“க்ஹும்... க்ஹ... ஹூம்!”

பரஞ்சோதி சட்டென்று மேல்துண்டை இடுப்பில் கட்டி, வாய் பொத்திக் குனிந்தார். “அரசே!”

அங்கே அரசர் இல்லை. குருவின் முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது.

“ஐயோ குருவே! அச்சு அசல் அவர் இருமலேதான்!”

“போன வாரம் சபையில் கேட்டேன். இருமி இருமிப் பழகியதில் தொண்டையே புண்ணாகிவிட்டது. சரி, நாளைக்கு அரசர் எப்படி இருமுவார்?”

“அது அவருக்கே தெரியாதே! வரும்போதுதானே தெரியும்?”

“எனக்கும் தெரியாது. அவர் இருமும்வரை காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான், அக்கரைக்காரர்களைப் போல.”

பரஞ்சோதியின் முகம் மலர்ந்தது. “அவர் வாயைக் கட்டிவிட்டால்? காப்பியடிக்க உங்களுக்கு ஒன்றுமே கிடைக்காது!”

“கிடைக்காதுதான். பழைய இருமலையே இருமுவேன். நாட்டில் வேறு இருமல் ஏது? எல்லாரும் எனக்கே குனிவீர்கள்.”

பரஞ்சோதி மெல்லத் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

“அரசரிடம் என்ன சொல்வது?”

“தையல்நாயகியை இருமவிடச் சொல்.”