காலிப் பெட்டியில் விழுந்த பூஜ்யம்

எண் எழுத வேண்டிய ஒரு பெட்டி. அதில் யாரும் எதுவும் எழுதவில்லை. அப்படியானால் அதில் இருப்பது பூஜ்யமா, ஒன்றுமே இல்லையா? யோசித்துக்கொண்டே கேளுங்கள்.

வேதாரண்யம் பக்கம் மரகதவல்லிக்கு ஓர் இறால் குளம் இருந்தது. அது போனால் அவள் பிழைப்பே போய்விடும். அவளுடைய அண்ணன் பிள்ளைகள் இளவரசியும் சுதர்சனும் கணினிக்குக் கட்டளை எழுதச் சொந்தமாக ஒரு நிரல்மொழியை உருவாக்கி, அதில் குளத்துக்கு ஒரு காவல் நிரல் எழுதினார்கள். நீருக்குள் இரண்டு கருவிகள். ஒன்று ஆக்ஸிஜனை அளக்கும். அது குறைந்தால் வீட்டில் மணி அடிக்கும். மற்றொன்று அம்மோனியா நஞ்சை அளக்கும். அது கூடினால் மணி அடிக்கும். ஒவ்வோர் அளவும் தனக்குரிய பெட்டியில் வந்து விழும்.

அளவு வராவிட்டால்?

"மொழியே பூஜ்யம் போட்டுக்கட்டும்" என்றாள் இளவரசி.

"பெட்டி காலியா இருக்க வழியிருந்தா நிரலை ஓடவே விடக் கூடாது. அளவு வராட்டா என்ன செய்யறதுன்னு நிரல் எழுதறவங்களே முன்னாடியே சொல்லட்டும்" என்றான் சுதர்சன்.

குளத்தில் குஞ்சு விடும் நாள் நெருங்கிவிட்டது. சுதர்சன் சொன்னபடி எழுத நாளாகும் என்று அக்கா இளவரசியின் வழியே போனார்கள்.

ஒரு விடியற்காலை மணி அலறியது. மரகதவல்லி ஓடினாள். பெருச்சாளி வயர்க்கட்டு முழுவதையும் கடித்துப் போட்டிருந்தது. காற்றூட்டும் சக்கரங்கள் நின்றுபோய், இறால்கள் மேலே வந்து தவித்தன. கருவிகளும் ஊமை. ஆக்ஸிஜன் பெட்டியில் பூஜ்யம் விழுந்ததால்தான் மணி அடித்திருந்தது. ஜெனரேட்டரைப் போட்டு வேறு வயர் இழுத்தாள். குளம் பிழைத்தது.

அறுவடை நாள் வந்தது. முதல் வீச்சுவலையில் விழும் இறாலை அவள் வீட்டில் எடை போடுவதில்லை. குளத்தைக் காத்தவருக்கு அப்படியே கூடையோடு கொடுத்துவிடுவார்கள்.

"என் பூஜ்யம்தான், அத்தை, குளத்தைக் காப்பாத்திச்சு!" என்றாள் இளவரசி.

"பள்ளிக்கூடத்துல நான் வாங்கின பூஜ்யமெல்லாம் யாரையும் காப்பாத்தலையேக்கா" என்றான் சுதர்சன். "அத்தை, அம்மோனியா பெட்டியைப் பாத்தீங்களா? அதுலயும் பூஜ்யம்தான். தண்ணி சுத்தம்னு பச்சை விளக்கு எரிஞ்சுக்கிட்டிருந்துச்சு."

"உன் பேச்சைக் கேட்டிருந்தா இன்னும் எழுதிக்கிட்டேதான் இருப்போம். மணியே இருந்திருக்காதுடா!"

மரகதவல்லிக்கு இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஆனால் கூடை ஒன்று. காலிப் பெட்டிக்கு அடுத்த பருவத்தில் வைத்துக்கொள்ளும் விதியும் ஒன்று. கூடை யாருக்கு? விதி யாருடையது?

அளந்து வந்த பூஜ்யம் வேறு, அளக்காமலே போட்ட பூஜ்யம் வேறு. ஆக்ஸிஜனுக்குப் பூஜ்யம் ஆபத்து, மணி அடித்தது. அம்மோனியாவுக்கோ பூஜ்யம் நல்ல சேதி, மணி அடிக்கவில்லை. அம்மோனியா கருவியின் வயர் மட்டும் தனியே அறுந்திருந்தால் நஞ்சு ஏறுவது யாருக்கும் தெரிந்திருக்காது. ஆகவே விதி சுதர்சனுடையதாக இருப்பதே சரி. ஆனால் அன்று அலறியது, இளவரசி நாள் தவறாமல் முடித்துக் கொடுத்த மணி.

மரகதவல்லி கூடையைத் தன் ஒன்பது வயது மகள் மதுரவாணியிடம் கொடுத்து, "யாருக்குன்னு நீயே பாத்துக் குடும்மா" என்றாள்.

மதுரவாணி அதை இளவரசியிடம் கொடுத்தாள்.