பெயர் எழுதாத ஓலை

முன்னொரு காலத்தில், ஆறு வற்றினாலும் அரசாணை வற்றாத வெண்குன்ற நாட்டை மகுடவர்மன் என்ற மன்னன் ஆண்டுவந்தான். அவனுக்கு நாளுக்கொரு ஆசை வரும். அந்த ஆசைகளால் நாட்டுக்குக் கேடு வராமல் பார்த்துக்கொள்வதுதான் அமைச்சர் இளநாகரின் வேலை. இருபத்தாறு ஆண்டுகளாக அதைச் செய்து அவருக்கு முழங்கால் தேய்ந்திருந்தது. சிரிப்பும் தேய்ந்திருந்தது.

அந்தக் கோடையில் சூரவேலர் என்ற அரசவைப் பிரபு தெருவுக்கொரு மோர்ப் பந்தல் போட்டார். மோர் இலவசம். ஒரு குவளைக்கு மூன்று கேள்விக்குப் பதில் சொன்னால் போதும். இஞ்சியும் கறிவேப்பிலையும் வேண்டுமென்றால் இன்னும் இரண்டு. எந்தத் தெரு, வீட்டில் யார் யார், யாருக்கு என்ன மருந்து? பந்தல் எழுத்தர் கேட்டுக் கேட்டு ஓலையில் கீறிக்கொள்வார். வேண்டியவர்கள் அந்த ஓலைகளைச் சூரவேலரிடம் வாங்கிப் போகலாம். இதெல்லாம் பந்தல் காலில் எழுதித்தான் தொங்கியது. நாலு முழ நீளம். வெயிலில் நின்று அதை யார் படிப்பது?

இளநாகரே படிக்கவில்லை. ஒருநாள் தாகத்தில் குடித்துவிட்டு, முழங்கால் வலி என்று சொல்லிவிட்டார். மறுநாள் விடிந்ததும் வாசலில் நான்கு தைலக்காரர்கள்.

அடுத்த வாரம் மருதாயி என்ற நெசவுக்காரி அரசவைக்கு வந்து நின்றாள்.

"சாமி, இந்த வாரம் என் மகளுக்கு நிச்சயம் வச்சிருந்தோம். மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அவளுக்கு வலிப்பு மருந்து வாங்குறேன்னு மோர் குடிக்கையில சொன்னேன். அந்த ஓலையை அவங்க வாங்கிப் படிச்சிருக்காங்க. இதோ, அதையும் கொடுத்தனுப்பியிருக்காங்க."

சூரவேலர் சிரித்தார். "மன்னா, எங்கள் ஓலையில் எவர் பெயரும் இருக்காது. பெயரே இல்லாத ஓலையில் ரகசியம் எங்கிருந்து வரும்?"

"அதானே!" என்றான் மன்னன்.

இளநாகர் அவள் நீட்டிய ஓலையைப் பார்த்துவிட்டு எழுந்தார். முழங்கால் சொடக்கென்றது. "நெசவாளர் தெரு, இரட்டைத் தறி வீடு, பத்தொன்பது வயதுப் பெண் என்று எழுதியிருக்கிறது மன்னா. அந்தத் தெருவில் அப்படி ஒரே வீடுதான் உண்டு."

"அமைச்சருக்கு வயதாகிவிட்டது, மோரைக் கண்டாலும் சந்தேகம்" என்றார் சூரவேலர். "என் கொட்டகையிலிருந்து எந்த ஓலையை வேண்டுமானாலும் எடுத்து வரட்டும். அது யாரென்று இந்தச் சபையில் ஒருவர் சொல்லிவிட்டால் கேள்வி கேட்பதையே விட்டுவிடுகிறேன்."

மன்னனுக்குக் குஷி வந்துவிட்டது. "சொல்லாவிட்டால் அமைச்சர் ஓராண்டு பந்தலில் மோர் ஊற்றட்டும்!"

நின்றுகொண்டே ஊற்ற வேண்டுமே என்பதுதான் இளநாகருக்குக் கவலை. மற்றபடி, இந்தச் சபையைவிட அது மோசமாக இருக்காது என்று தோன்றியது.

மாலையில் கொட்டகைக்குப் போனார். அரண்மனை மடைப்பள்ளி ஆட்கள் அடுப்புச் சூடு தாங்காமல் தினமும் பந்தலுக்கு ஓடுவது அவருக்குத் தெரியும். வீட்டைப் பற்றிக் கேட்டால், பொழுதெல்லாம் கிடக்கிற இடத்தைத்தானே அவர்கள் சொல்வார்கள்?

"தலைமுடித் தைலம் விற்பவருக்கு உதவுகிற மாதிரி ஓலை இருக்கிறதா? பெரிய வீடாகப் பாருங்கள்" என்றார். எழுத்தர் பெருமையோடு உருவிக் கொடுத்தார்.

மறுநாள் சபையில் அதைப் படித்தார்.

"கிழக்கு பார்த்த வீடு. ஏழு வாசல். ஆண், வயது ஐம்பத்திரண்டு."

"மேலே படியும்!" என்று மன்னன் சாய்ந்து உட்கார்ந்தான்.

"தலையில் முடி கிடையாது. வெளியே வரும்போது பொய்முடி வைத்துக் கட்டுவார். பல்லி கத்தினால் கட்டில்மேல் ஏறி நின்றுகொண்டு ஆள் கூப்பிடுவார். யானைக்கு வரும் கரும்பில் பாதியைத் தானே தின்றுவிடுவார்."

சபையில் எழுபது பேர். சேனாதிபதி கூரையைப் பார்த்தார். புலவர் தன் கால் விரல்களைப் பார்த்தார். மன்னனைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எல்லோரும் பார்த்தார்கள்.

"பிரபு, இது யார்?" என்றார் இளநாகர்.

சூரவேலரின் நெற்றி வியர்த்தது. "தெ... தெரியவில்லை."

"யாரோ ஒருவர் என்றால் இந்நேரம் சபையே விழுந்து விழுந்து சிரித்திருக்குமே. ஏன் ஒருவரும் சிரிக்கவில்லை?"

கடைசியில் மன்னனே மகுடத்தையும் அதோடு வந்த முடியையும் கழற்றி மடியில் வைத்தான்.

"நான்தான்" என்றான். "சூரவேலரே, ஓலைகளையெல்லாம் இன்றே கொளுத்தும். பந்தல் இருக்கட்டும். ஓராண்டு நீரே நின்று மோர் ஊற்றும். வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்கக்கூடாது."

"பிரபு வீட்டு ஓலையையும் படித்துவிட்டுக் கொளுத்தலாமே!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"வேண்டாம். படித்தவரை போதும்" என்றார் இளநாகர்.

மருதாயி நின்ற இடத்திலேயே நின்றாள்.

"இன்னும் என்னம்மா?" என்றான் மன்னன்.

"ஓலை எரிஞ்சுரும் சாமி. படிச்சவங்களுக்கு மறந்துருமா? நீங்க மகுடத்தைக் கழட்டினாலும் ராஜாதான். என் மகளுக்கு அப்படியா?"

"அந்த வீட்டாருக்கு ஆணை அனுப்புகிறேன்!"

"ஆணைக்குப் பயந்து தாலி கட்டுறவன்கிட்ட எப்படிப் பிள்ளையைக் கொடுப்பேன்? நிச்சயத்துக்கு முன்னால நானே போய் அவங்க வீட்ல உட்கார்ந்து சொல்றதா இருந்தேன். எப்படி ஆரம்பிக்கணும்னுகூட மனசுல வச்சிருந்தேன். நான் பேச வேண்டிய பேச்சை எடுத்து வித்துட்டாங்களே."

மன்னன் தன் முத்துமாலையைக் கழற்றிப் பரிசாக அமைச்சரிடம் நீட்டினான்.

"மாலை வேண்டாம் மன்னா. இரண்டு நாள் விடுப்புக் கொடுங்கள்" என்றார் இளநாகர்.

மருதாயியும் அவரும் ஒரே மாட்டுவண்டியில் மாப்பிள்ளை ஊருக்குப் போனார்கள். "அங்கே நான் என்னம்மா பேசட்டும்?" என்று அவர் கேட்டார்.

"ஒண்ணும் பேச வேணாம் ஐயா. கூட இருங்க, போதும். பேச வேண்டியது நான்."

அந்த வீட்டில் கதவைத் திறந்தார்கள். பாய் விரித்து உட்காரச் சொன்னார்கள். மருதாயி தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள். அதற்குமேல் அவள் என்ன சொன்னாள், அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் இந்தக் கதை சொல்பவருக்குத் தெரியும். ஆனால் அது அந்த இரண்டு வீட்டாரின் விஷயம், நமக்கு எதற்கு?