கறுப்புக் காரின் கீறல்கள்

வல்லிக்கோட்டை ராஜா மார்த்தாண்ட பூபதிக்கு ராஜ்யம் சிறியது, கார் பெரியது. கப்பலில் வந்து இறங்கிய கறுப்புக் கார். தினமும் காலையில் அதன் கதவில் முகம் பார்த்து மீசையை முறுக்கிக்கொண்ட பிறகுதான் தர்பாருக்குப் போவார்.

ஒரு நாள் வெயிலில் அப்படி முகம் பார்க்கக் குனிந்தவர் திடுக்கிட்டு நின்றார். முகத்தின் மேல் சிலந்தி வலை! கையால் தட்டினார். போகவில்லை. உற்றுப் பார்த்தால் காரின் உடம்பெல்லாம் வட்டம் வட்டமாக மயிரிழைக் கீறல்கள்.

"மஸ்தான்!"

டிரைவர் மஸ்தான் ஓடிவந்து நின்றான். "நான் இல்லீங்க மகாராஜா. தண்ணி ஊத்திக் கழுவாம நான் துணியே வைக்க மாட்டேன்."

அது உண்மைதான். முந்தின வாரம் மஸ்தான் ஊருக்குப் போயிருந்தபோது, அரண்மனை நிர்வாகம் பார்க்கும் பேஷ்கார் ரங்கசாயி, குத்துவிளக்கு தேய்க்கும் ஆட்களை விட்டுக் காரைத் துடைக்கச் சொல்லியிருந்தார். அவர்களும் விளக்கைத் தேய்ப்பது போலவே, புழுதியோடு சேர்த்து, சுற்றிச் சுற்றித் தேய்த்துத் தள்ளிவிட்டார்கள். பேஷ்கார் அதை வாய்விட்டுச் சொல்வாரா?

"இவனுக்குக் கவனம் போதாது மகாராஜா. இவனை அனுப்பிவிட்டு என் மைத்துனனை வைத்துக்கொள்ளலாம். செங்கல்பொடியும் புளியும் போட்டுத் தேய்த்தால் கார் விளக்கு மாதிரி ஆகிவிடும்."

ராஜாவுக்கு வந்த கடிதங்களைப் படித்துச் சொல்வதற்காகப் பக்கத்தில் நின்றிருந்த ராயசம் அப்பாண்டை நயினாருக்குச் சுருக்கென்றது. காரும் போய்விடும், மஸ்தான் பிழைப்பும் போய்விடும்.

"நல்ல யோசனை" என்றார் நயினார். "பேஷ்கார் தம்முடைய மூக்குக்கண்ணாடியைக் கொஞ்சம் கொடுக்கட்டும். முதலில் அதில் செங்கல்பொடியைப் போட்டுத் தேய்த்துப் பார்ப்போம்."

பேஷ்காரின் இரண்டு கைகளும் கண்ணாடியைப் பொத்திக்கொண்டன.

செங்கல்பொடி காரைக் கெடுத்துவிடும் என்பது ராஜாவுக்குப் புரிந்துவிட்டது. "அப்படியானால் கீறலை நீரே எடும், நயினார். எட்டாம் நாள் சம்பந்தி வீட்டார் வருகிறார்கள். இந்தக் காரில்தான் அழைத்துவர வேண்டும். ஒரு கீறல்கூட இருக்கக் கூடாது."

பேஷ்கார் சும்மா இருப்பாரா? "ஒரே ஒரு நிபந்தனை மகாராஜா. கீறல் போக வேண்டும். ஆனால் காரின் கறுப்புப் பூச்சு இம்மியளவும் குறையக் கூடாது. குறைந்தால் மஸ்தானோடு நயினாரும் ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டும்."

"சரியான நிபந்தனை" என்றார் ராஜா.

நயினாரும் மஸ்தானும் காரைக் கொட்டகை நிழலுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். புழுதி போக இரண்டு தடவை கழுவினார்கள்.

"ஐயா, மொத்தமா எதையும் தடவிடாதீங்க. பின் சக்கரத்துக்கு மேல, கண்ணுக்குப் படாத இடத்துல உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் பாப்போம்" என்றான் மஸ்தான்.

முதலில் சீமைச்சுண்ணாம்பைக் குழைத்துத் தேய்த்தார்கள். கீறல் அசையவே இல்லை. அடுத்துக் கடல்நுரை என்கிற கணவாய் ஓட்டைப் பொடித்துத் தேய்த்தார்கள். கீறல் போனது, கூடவே பளபளப்பும் போய், அந்த இடம் மூச்சு பட்ட கண்ணாடி மாதிரி மங்கியது. மூன்றாவதாக, தட்டார் நகைக்கு மெருகேற்றும் சிவப்புப் பொடி. அதைத் தேங்காயெண்ணெயில் குழைத்து, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன மல்துணியில் தொட்டு, சுற்றாமல் நேர்கோட்டில் மெல்லத் தேய்த்தார் நயினார். துடைத்துப் பார்த்தால் அவர் முகம் பளிச்சென்று தெரிந்தது!

சந்தோஷத்தில் துணியை விரித்தார். துணி கறுப்பாக இருந்தது. பூச்சு துணிக்கு வந்துவிட்டதே என்று அதை மஸ்தானிடம் நீட்டினார்.

"கீறல்ங்கறது பள்ளம் ஐயா" என்றான் மஸ்தான் மெதுவாக. "சுத்தி இருக்கற மேட்டைத் துளி இறக்கினாத்தான் பள்ளம் மறையும். வேற வழி கிடையாது."

"அதைத்தானே பேஷ்கார் கூடாதென்று நிபந்தனை போட்டிருக்கிறார்."

"அப்போ நிறுத்திடலாமா?"

நயினார் புதுத் துணி ஒன்றை எடுத்து மஸ்தான் கையில் திணித்தார். "நிறுத்தினால் நீ மட்டும் போவாய். தேய்த்தால் இரண்டு பேரும் போவோம். வழித்துணைக்கு ஆள் கிடைத்ததே, தேய்!"

ஆறு நாள் தேய்த்தார்கள். ஒரு முழம் முடிந்தால் அடுத்த முழம். துணி அழுக்கானால் வேறு துணி. கை வீங்கியது. ஆனால் எட்டாம் நாள் காலை காரை வெயிலுக்குக் கொண்டுவந்தபோது, வானமே அதன் மேல் இறங்கிப் படுத்திருந்தது. ராஜா அசந்துபோனார்.

அதற்குள் பேஷ்கார் கையில் ஒரு துணியோடு ஓடிவந்தார். கொட்டகையில் தேடி எடுத்தது. கன்னங்கரேலென்று இருந்தது.

"பாருங்கள் மகாராஜா! காரின் பூச்சு முழுக்க இதில் இருக்கிறது. நிபந்தனை என்ன ஆயிற்று?"

மஸ்தான் முகம் செத்துவிட்டது. ராஜாவின் புருவம் ஏறியது. நயினார் கையெடுத்துக் கும்பிட்டார்.

"மகாராஜா, காரில் பூச்சு குறைந்த இடத்தை நாம் என்னவென்று சொல்கிறோம்?"

"கீறல் என்கிறோம்."

"பேஷ்கார் அப்படி ஓர் இடத்தைக் காட்டட்டும். நான் இப்போதே மூட்டை கட்டுகிறேன்."

பேஷ்கார் குனிந்தார். மூன்று தடவை காரைச் சுற்றினார். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார். வேர்த்து வழிந்தது.

"என்னய்யா தெரிகிறது?" என்றார் ராஜா.

"என்... என் முகம்தான் மகாராஜா."

"அதைத் தவிர வேறு குறை ஒன்றும் இல்லையே?"

கூடியிருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ராஜா அந்தத் துணியை வாங்கி நயினார் முன்னால் நீட்டினார். "அதெல்லாம் சரி ஓய். காரில் ஒன்றும் குறையவில்லை என்றால், இதில் இருக்கும் கறுப்பு என்ன?"

"மகாராஜா எடுக்கச் சொன்ன கீறல்கள்தான். கறுப்புக் காரில் எடுத்த கீறல் வெள்ளையாகவா இருக்கும்?"

ராஜா சிரித்த சிரிப்பில் மரத்திலிருந்த காக்கைகள் பறந்தன. தோளில் கிடந்த சால்வையை எடுத்து நயினாருக்குப் போர்த்தினார். இனி மஸ்தானைத் தவிர யாரும் காரில் கை வைக்கக் கூடாதென்று உத்தரவு போட்டார். சம்பந்தியை அழைக்க மஸ்தான் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினான். சம்பந்தியின் மூட்டை முடிச்சுகளை ஏற்றிவர, பின்னாலேயே மாட்டுவண்டியில் பேஷ்கார் போனார்.