பாடாத வரி

அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஒரு மீனவ ஊர். அந்த ஊர்ப் பாட்டையும் ஆட்டத்தையும் நாடகமாகப் போட்டுக் காப்பாற்றி வந்தாள் ஊனா. அவளிடம் கற்க வந்தவர் ஃபின்டன். அவளைவிட மூத்தவர், பட்டணத்து மேடைகளில் பேர் வாங்கியவர். குரல் என்றால் அப்படி ஒரு குரல்! கர்வமும் அதே அளவு இருந்தது, பாவம்.

கடலுக்குப் போய்த் திரும்பாத புருஷனை மனைவி கூப்பிடுகிற பாட்டு ஒன்று. அதன் கடைசி வரியைப் பாடக்கூடாது, பேசத்தான் வேண்டும் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். ஃபின்டனுக்கு அது பொறுக்கவில்லை.

"பாட்டைக் காப்பாத்தத்தானே நாடகம் போடறோம்? முழுசாப் பாடாம எப்படிக் காப்பாத்தறது?"

"இன்னிக்கு முழுசாவே பாடுங்க" என்றாள் ஊனா.

பாடினார். கடைசி வரியை உச்சிக்குக் கொண்டுபோய் நிறுத்தினார். கொட்டகையே அதிர்ந்தது.

"பாத்தீங்களா?" என்றார், முகமெல்லாம் சிரிப்பாக.

"பாத்தேன். நல்லாத் தட்டினாங்க. நாளைக்கு அந்த வரியைப் பேசுங்க."

அவருக்குச் சுருக்கென்றது. "கைதட்டு இல்லைன்னா எனக்கு இங்கே என்ன வேலை? ஊருக்குக் கிளம்பிடுவேன், சொல்லிட்டேன்."

"பேசிட்டுக் கிளம்புங்க."

மறுநாள் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு, வேண்டாவெறுப்பாகத்தான் மேடை ஏறினார். பாடிக்கொண்டே வந்தவர், கடைசி வரியில் ராகத்தை விட்டுவிட்டு, வாசலில் நின்று கூப்பிடுகிற மாதிரி சொன்னார்:

"மார்ட்டின், சாப்பாடு ஆறுது. வா."

யாரும் தட்டவில்லை. ஒரு செருமல்கூட இல்லை. அவமானத்தில் ஃபின்டனுக்குக் காது சுட்டது. விறுவிறுவென்று மேடை ஓரத்துக்கு வந்தார். அங்கே திரைக்கயிற்றைப் பிடித்தபடி நின்றிருந்தாள் ஊனா.

"இழுங்க. அதான் பாட்டு முடிஞ்சிடுச்சே!"

"இருங்க."

பின்வரிசையில் ஒரு பெண்குரல் கேட்டது.

"ஓவன், நீயும் வாப்பா."

இன்னொரு பக்கம் ஒரு கிழவர் தன் தம்பியைக் கூப்பிட்டார். "டேய் ஷேமஸ், வாடா." அப்புறம் வேறொருத்தி. கடல் ஆளைக் கொண்டுபோகாத வீடு அந்த ஊரில் ஏது? ஒவ்வொருவராகத் தங்கள் ஆளைச் சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.



ஊனா கயிற்றை அவர் கையில் கொடுத்தாள்.

"பாட்டு முடிஞ்சதும் நீங்களே இழுங்க."

கயிற்றைப் பிடித்தபடி நின்றார் ஃபின்டன். இழுக்கவில்லை.