நாணல்குடிக்கு நூறு பசித்த வயிறு

முன்னொரு காலத்திலே பூபதிராயன் என்றொரு ராஜா இருந்தார். நல்லவர்தான். ஆனால் எதையும் எண்ணிப் பார்க்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. பட்டத்து யானை ஒரு நாளைக்கு எத்தனை தரம் காதை ஆட்டுகிறது என்று எண்ண ஓர் ஆள். தோட்டத்தில் எத்தனை மாம்பிஞ்சு உதிர்ந்தது என்று எண்ண ஓர் ஆள். ராணி எத்தனை முறை சிரிக்கிறாள் என்று எண்ணுவதற்கும் ஒருத்தியை நியமித்தார். அன்றோடு ராணி சிரிப்பதையே விட்டுவிட்டாள்.

ஒரு சமயம் மழை பொய்த்து நாடு காய்ந்தது. ராஜா மனமிரங்கி அறுபது ஊர்களில் கஞ்சித்தொட்டி திறந்தார். ஊருக்கு மாதம் பத்து மூட்டை நெல் அரண்மனைக் களஞ்சியத்திலிருந்து போகும். பசித்தவர் யாரானாலும் வந்து குடித்துவிட்டுப் போகலாம். மூன்று வருடம் இப்படி நடந்தது. இடையில் மழையும் திரும்பிவிட்டது. ஒரு நாள் காலை ராஜாவுக்குத் திடீரென்று ஒரு யோசனை.

"நாம் கொடுக்கும் நெல்லால் எந்த ஊரில் எவ்வளவு நன்மை விளைந்தது? அளந்து சொல்லுங்கள்" என்றார்.

சபை முழித்தது. அறச்சாலை அதிகாரி கோதண்ட நயினார் மட்டும் எழுந்தார். "மிகவும் எளிது, அரசே. கஞ்சி குடித்து எறிந்த தொன்னைகளை எண்ணினால் போதும். தொன்னை எங்கே அதிகமோ, தர்மமும் அங்கே அதிகம். அதிகமான ஊருக்கு நெல்லைக் கூட்டுவோம். குறைந்த ஊரில் அடுப்பை அணைப்போம்."

ராஜாவுக்கு இது பிடித்துப்போயிற்று. அறுபது ஊரிலும் தொன்னை எண்ணினார்கள். பெருங்குளத்தில் நாளைக்கு முந்நூறு தொன்னை. நாணல்குடியில் நான்கே நான்கு.

நயினாருக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். ஏனென்றால் நாணல்குடிக் கஞ்சித்தொட்டியைக் காத்தாயி என்ற பெண்ணிடம் ஒப்படைக்கச் சொன்னவன் அரண்மனை விகடகவி தாண்டவன். அவனுக்கு அந்த ஊர்ப்பக்கம்தான் பூர்வீகம். நயினார் மூன்று நாள் யோசித்துச் சொல்லும் சொல்லைவிட, தாண்டவன் போகிற போக்கில் சொல்லும் சொல்லுக்கு ராஜா அதிகம் தலையாட்டுவார். அது நயினாருக்கு நெடுநாளாக நெஞ்சில் முள்.

"அரசே, மாதம் பத்து மூட்டை நெல். குடிப்பவர்கள் நான்கு பேர். அந்தப் பெண் நெல்லை மாட்டுக்காகவும் விதைக்காகவும் வாரிக் கொடுத்திருக்கிறாள் என்று கேள்வி. கஞ்சிக்குக் கொடுத்த நெல்லை வேறு காரியத்துக்குச் செலவிடுவது களவு அல்லவா?" என்றார்.

ராஜாவின் முகம் கறுத்தது. "தாண்டவா, அடுத்த வெள்ளிக்கிழமை நானே நாணல்குடிக்கு வருகிறேன். பசித்தவர்கள் நூறு பேர் அங்கே உட்கார்ந்து கஞ்சி குடிப்பதை நான் கண்ணால் காண வேண்டும். இல்லையென்றால் அந்த அடுப்பு அணையும். அவள் சிறைக்குப் போவாள். நீ நாட்டைவிட்டுப் போவாய்."

"உத்தரவு, அரசே. அந்த நூறு பேர் எந்த ஊர்க்காரராக இருக்க வேண்டும்?"

"எந்த ஊராயிருந்தால் என்ன? பசிக்கு ஊர் உண்டா?"

நயினார் குறுக்கிட்டார். "கூலி கொடுத்து ஆள் பிடித்து உட்காரவைக்கக் கூடாது. உண்மையான பசியாக இருக்க வேண்டும்."

"அதுவும் சரி" என்றார் ராஜா. "நூறு பேரை நான் ஒருவன் பார்த்தால் போதாது. ஆளுக்கொரு சாட்சி வேண்டும். பரிவாரத்தோடு சேர்த்து நாமும் நூறு பேராகப் போவோம்."

தாண்டவன் தலைகுனிந்து வணங்கினான். அன்றே நாணல்குடிக்கு நடந்தான்.

கஞ்சித்தொட்டி என்பது ஒரு கீற்றுக்கொட்டகை. நடுவில் பெரிய மண்பானை. காத்தாயி நாலு கலயத்தில் கஞ்சி ஊற்றி மூடிக்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். புகையில் சிவந்த கண்கள்.

"வா தம்பி. என்ன மொகம் இப்படி வாடிக் கெடக்கு?"

தாண்டவன் விஷயத்தைச் சொன்னான். அவள் அகப்பையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"நூறு பசிச்ச வயித்துக்கு நான் எங்க போவேன்? மொத வருசம் வந்திருந்தா நூத்தி இருவது காட்டியிருப்பேனே."

"இப்போ அவங்கல்லாம் எங்கக்கா?"

"எங்க போவாங்க, வயலுக்குத்தான். வந்து குந்துறவங்கள நான் ஒவ்வொருத்தரா கேட்டேன் தம்பி, நாளைக்கும் இங்க வராம இருக்கணும்னா ஒனக்கு என்ன வேணும்னு. ஒச்சனுக்கு உழவுமாடு செத்துப்போச்சு. நெல்லு குடுத்து மாடு வாங்க வெச்சேன், வெளஞ்சதும் திருப்பிக் குடுத்தான். செவ்வந்திக்குக் கைப்பிள்ள. பிள்ளையப் பாத்துக்க ஆளில்லாம பாய் நெய்யப் போவ முடியல. கொட்டகையில தூளி கட்டி நானே பாத்துக்கிட்டேன். ஏரி மடை ஒடஞ்சு கெடந்துச்சு. நாப்பது நாளு ஊரே சேந்து கட்டுச்சு, நாப்பது நாளும் கஞ்சி நம்ம கஞ்சி. இப்ப முடியாத சனம் நாலே பேரு. அவங்களுக்கு வீட்டுக்கே கொண்டுபோயித் தொன்னையில ஊத்திக் குடுக்குறேன்." கலயங்களைப் பார்த்தபடி கேட்டாள்: "தப்புப் பண்ணிட்டனா தம்பி?"

தாண்டவன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். "இல்லக்கா" என்றான்.

சேதி ஊருக்குள் பரவிவிட்டது. ஒச்சன் முன்னால் வர, ஊரே திரண்டு வந்தது. "காத்தாயி, நீ கவலைய விடு. நாங்க புதன்கெழமையிலேருந்து பட்டினி கெடக்கோம். வெள்ளிக்கெழம ராசா வர்றப்ப அத்தன பேருக்கும் நெசப் பசியா இருக்கும்" என்றான்.

காத்தாயிக்கு வந்ததே கோபம்! "போங்கடா! ஒங்க வயித்த நெரப்புறதுக்கு மூணு வருசம் நான் பட்ட பாடு ஒங்களுக்கு என்ன தெரியும்? எவனாச்சும் பட்டினி கெடந்தான்னு கேள்விப்பட்டேன், அகப்பையாலயே போடுவேன்!" என்று கத்தினாள். கத்திக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

தாண்டவன் சிரித்துவிட்டான். "அக்கா சொல்றது சரி. வெள்ளிக்கெழம எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டுட்டு வேலைக்குப் போங்க. அக்கா, நீ நூறு பேருக்குக் கஞ்சி காய்ச்சு. பச்சப்பயறு போட்டு, கெட்டியா. தொட்டுக்கத் தேங்காத் தொவையல், மோர் மொளகா."

"குடிக்க ஆளு?"

"ஆள நான் கூட்டிட்டு வர்றேன்."

வியாழக்கிழமை தாண்டவன் சபைக்கு வந்தான். மிகவும் பணிவாக, "அரசே, நாணல்குடிக்கு வழி தூரம். விடியலில் புறப்பட்டால் உச்சிக்குமேல்தான் போய்ச் சேர முடியும். அரண்மனைச் சமையல் வண்டி இரண்டு உடன் வந்தால் நல்லது. புளியோதரை, தயிர்ச்சோறு, கொஞ்சம் சீடை" என்றான்.

நயினார் துள்ளி எழுந்தார். "ஆகா! தந்திரம் புரிந்தது! நம் வண்டிச் சோற்றின் வாசனையைக் காட்டி ஊராரைக் கூட்டி உட்காரவைக்கப் பார்க்கிறான். அரசே, வண்டி கூடாது! யார் மடியிலும் ஒரு பிடி அவல்கூட இருக்கக் கூடாது. நானே சோதிக்கிறேன்!"

"நயினார் சொல்வதே சரி" என்றார் ராஜா. தாண்டவன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை சோதிடர் குறித்த நேரத்தில், அரண்மனை அடுப்பு மூட்டுவதற்கு முன்பே ஊர்வலம் புறப்பட்டது. பல்லக்குத் தூக்கிகள், குடை பிடிப்பவர்கள், வீரர்கள், எழுத்தர்கள், ராஜா, நயினார், தாண்டவன் எல்லாம் சேர்ந்து சரியாக நூறு பேர். நயினார் ஒவ்வொருவர் மடியையும் தட்டிப் பார்த்தார். ஒரு தூக்கியின் இடுப்பிலிருந்து வறுகடலை கொட்டியது. அதைக் காக்கைக்கு இறைத்தார்.

வழியில் பெருங்குளம். முந்நூறு தொன்னை ஊர். நயினார் பெருமையோடு பல்லக்கை நிறுத்தச் சொன்னார். வரிசை வரிசையாக ஜனம் உட்கார்ந்திருந்தது. ராஜாவுக்கு அப்போதே பசி. ஒரு தொன்னை வாங்கிப் பார்த்தார். கஞ்சியில் அவர் முகம் தெரிந்தது. முந்நூறு பேருக்கு எட்டவேண்டும் என்று தண்ணீரை ஊற்றி ஊற்றி நீட்டியிருந்தார்கள். குடிக்க மனம் வராமல் கீழே வைத்தார்.

பக்கத்திலிருந்தவனிடம், "எத்தனை நாளாக வருகிறாய்?" என்று கேட்டார்.

"மூணு வருசமா வர்றேன் சாமி. எங்க ஏரி மடை இன்னும் ஒடஞ்சுதான் கெடக்கு. இப்பக் கட்டப் போறோம்னா தொன்னை எண்ணுற அதிகாரி விடமாட்டேங்குறாரு. தொன்னை கொறஞ்சிருமாம்."

ராஜா நயினாரைத் திரும்பிப் பார்த்தார். நயினார் அவசரமாகப் பல்லக்கைத் தூக்கச் சொன்னார். பல்லக்கு நகர்ந்தது.

வெயில் ஏறிற்று. வீரர்கள் தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார்கள். குடைக்காரன் குடையை ராஜாவுக்குப் பிடிக்கிறானா, தனக்குப் பிடிக்கிறானா என்று அவனுக்கே தெரியவில்லை. ராஜாவின் வயிறு கூவிய சத்தம் பல்லக்குத் தூக்கிகளுக்கும் கேட்டது. அவர்கள் வயிறும் பதில் கூவியது.

உச்சி தாண்டி நாணல்குடி வந்தது. கொட்டகையில் நூறு தொன்னைகள் வரிசையாக இருந்தன. எதிரில் நூறு கோரைப்பாய்த் தடுக்குகள். ஒரு தடுக்கிலும் ஆள் இல்லை. பானைக்குப் பக்கத்தில் காத்தாயி கைகூப்பி நின்றாள். பயறுக் கஞ்சியின் வாசனை மூக்கைத் துளைத்தது.

நயினார் கொட்டகையைக் காட்டிக் கூவினார்: "பார்த்தீர்களா, அரசே! எங்கே நூறு பேர்?"

"இதோ" என்றான் தாண்டவன். முன்னால் நின்ற பல்லக்குத் தூக்கியின் தோளைத் தொட்டான். "அப்பா, உனக்குப் பசிக்கிறதா?"

"உசுரு போவுது சாமி!"

"உட்கார். ஒன்று." அடுத்தவனைப் பார்த்தான். கேட்பதற்குள் அவன் உட்கார்ந்துவிட்டான். "இரண்டு. மூன்று." தூக்கிகள், வீரர்கள், குடைக்காரன், எழுத்தர்கள் எல்லாரும் உட்கார்ந்தார்கள். தொண்ணூற்றேழு. தாண்டவன் ராஜாவிடம் வந்து கைகட்டி நின்றான்.

"பசிக்கு ஊர் இல்லை என்று தாங்களே சொன்னீர்கள். அரசே, தங்களுக்குப் பசிக்கிறதா? உண்மையைச் சொல்ல வேண்டும்."

ராஜா அவனை முறைத்துப் பார்த்தார். பிறகு பானையைப் பார்த்தார். மீசை துடித்தது. "பசிக்கிறது" என்று சொல்லிவிட்டுத் தடுக்கில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"தொண்ணூற்றெட்டு. அடியேனுக்கும் பசிதான், தொண்ணூற்றொன்பது. நயினார் அவர்களே?"

நயினார் தூணோடு தூணாக நின்றார். "எனக்குப் பசியில்லை" என்றார். சொல்லும்போதே அவர் வயிறு வேறு ஒன்றைச் சொன்னது. ஒரு தொன்னை குறைந்தாலும் தாண்டவன் தோற்றான். அது அவருக்குத் தெரியும். தாண்டவனுக்கும் தெரியும். அவனிடம் இதற்குமேல் தந்திரம் இல்லை.

காத்தாயி ஒரு தொன்னையில் கஞ்சி மொண்டாள். விளிம்பில் துவையல் வைத்தாள். நேராக நயினாரிடம் போனாள்.

"அய்யா, எண்ணிக்கைய விடுங்க. என்னைய செறைக்கு அனுப்பணும்னா அனுப்பிக்கிடலாம். வெயில்ல வந்திருக்கீங்க, கண்ணு உள்ள போயிருச்சு. மொதல்ல இதக் குடிங்க."

நயினார் அவள் முகத்தைப் பார்த்தார். அதில் கேலி இல்லை. கை தானாக நீண்டது. நின்றபடியே ஒரு மடக்கு குடித்தார். அப்புறம் உட்கார்ந்தார். அப்புறம் நிமிரவே இல்லை.

"நூறு" என்றான் தாண்டவன், மெதுவாக.

ராஜாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. கஞ்சி புரையேறியது. தலையில் தட்டிக்கொண்டே சிரித்தார். அவர் சிரிக்க, தூக்கிகள் சிரிக்க, கொட்டகையே குலுங்கியது. வயலிலிருந்து ஒச்சனும் மற்றவர்களும் ஓடிவந்து, ராஜா கஞ்சி குடிக்கும் அதிசயத்தை வாய்பிளந்து பார்த்தார்கள். காத்தாயி கேட்ட கேள்வி என்ன, அவர்கள் எப்படித் தேறினார்கள் என்பதை ராஜா ஒவ்வொருவராகக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"தாண்டவா, தொன்னையை எண்ணியது என் மடமை. இனி கஞ்சிக்கு வராமல் நின்றவர்களை எண்ணட்டுமா?"

"அப்படி எண்ணினால், அரசே, நாளைக்கே கதவைச் சாத்திவிட்டு ஒருவரும் வரவில்லை என்று எழுதிவிடுவார்கள்."

"பின் எப்படித்தான் அளப்பது?"

தாண்டவன் காத்தாயியைப் பார்த்தான். அவள் கூச்சத்தோடு சொன்னாள்: "போயி கேட்டாத் தெரியும் சாமி. வீடு வீடா."

ராஜா எழுத்தரிடமிருந்து ஓலையை வாங்கித் தம் கையாலேயே எழுதினார்: 'நாணல்குடி. நூறு பேர் குடித்தார்கள். நூறும் உண்மைப் பசி.' கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றித் தாண்டவனுக்குப் போட்டார். நாணல்குடி அடுப்பு எந்நாளும் எரியும் என்றும், நெல்லை எதற்குக் கொடுப்பது என்பது காத்தாயியின் விருப்பம் என்றும் அங்கேயே ஆணையிட்டார். காத்தாயிக்கு என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, இன்னும் பெரிய பானை ஒன்று வேண்டும் என்றாள்.

திரும்பும் வழியில் பெருங்குளம் வந்தது. யாரும் சொல்லாமலே நயினார் தம் பல்லக்கிலிருந்து இறங்கினார். காலையில் ராஜாவிடம் பேசிய மனிதன் உடைந்த மடையருகே உட்கார்ந்திருந்தான். நயினார் அவன் பக்கத்தில், வேட்டி அழுக்காவதைப் பாராமல், மண்ணில் உட்கார்ந்தார்.

"நாளைக்கு நீ கஞ்சிக்கு வராமல் இருக்க வேண்டுமென்றால், உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டார்.

அந்த மனிதன் சொல்லத் தொடங்கினான். ராஜாவும் பல்லக்கை நிறுத்திக் காத்திருந்தார்.