மருதமரத்து வெளிச்சமும் தாழம்புதர் ஈரமும்

காட்டாற்றின் மேட்டுக் கரையில் பெரிய மருதமரம் ஒன்று நின்றது. அந்தி சாய்ந்தால் போதும், ஆயிரக்கணக்கான மின்மினிகள் வந்து மொய்த்துக்கொள்ளும். அடடா, அந்த அழகைப் பார்க்கக் கண் கோடி வேண்டும்!

மின்மினிகளிடம் ஒரு வழக்கம் இருந்தது. எந்த மரத்தில் வெளிச்சம் அதிகமோ, அதன் அடியில்தான் முட்டையிடும். சுடரி என்ற மின்மினிக்கும் முட்டையிடும் நேரம் வந்தது.

"இங்கேயே இறங்கு தங்கச்சி! இதைவிட நல்ல இடம் உலகத்தில் உண்டா?" என்றது கூட்டத்தின் தலைவன் பொறியன்.

சுடரி இறங்கிப் பார்த்தது. மேட்டுக் காற்று ஈரத்தைத் துடைத்துக்கொண்டு போயிருந்தது. மின்மினிக் குஞ்சுகளுக்கு நத்தைதான் சாப்பாடு. போன வருஷக் குஞ்சுகள் நத்தைகளை ஒன்றுவிடாமல் தின்று தீர்த்திருந்தன. வெறும் ஓடுகள்தான் கிடந்தன.

"அண்ணே, மேலே இருக்கிறதெல்லாம் பழைய வெளிச்சம்! கீழே குஞ்சு மின்னுற புதுப் பொறி ஒண்ணுகூடக் காணோமே! என் பிள்ளைங்க எதைத் தின்னும்?"

"குஞ்சு தேறலைன்னா அது பெத்தவளோட குறை! நல்ல ரத்தமா இருந்தா எங்கேயும் மின்னும்!"

"அப்போ நான் ஆத்தோரத் தாழம்புதருக்குப் போறேன்."

"அந்த இருட்டுக்கா? உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா!" கூட்டமே சிரித்தது.

சுடரிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் போனது. ஈரம் சொட்டும் அந்தப் புதரடியில், நத்தைகள் ஊர்ந்த மண்ணில், தன்னந்தனியாக முட்டையிட்டது. என்ன நெஞ்சுரம் பாருங்கள்!

அடுத்த மழைக்காலம் வந்தது. மருதமரத்துக் கிழட்டு மின்மினிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. அவற்றின் இடத்துக்கு ஒரு குஞ்சும் வரவில்லை. தாழம்புதரோ பச்சைப் பொறிகளாகப் பூத்துக் குலுங்கியது!

பொறியன் தட்டுத்தடுமாறிப் பறந்து வந்தது. "தங்கச்சி, எப்பேர்ப்பட்ட ரத்தம் உன்னோடது!"

"நம்ம எல்லாருக்கும் ஒரே ரத்தம்தான் அண்ணே. இதுங்களை மின்ன வச்சது இந்த மண்ணோட ஈரம். அங்கே பிறந்ததுங்க பசியால போச்சு. பெத்தவங்க என்ன பண்ணுவாங்க, பாவம்!"

பொறியன் இறங்கி அந்த ஈர மண்ணைத் தொட்டுப் பார்த்தது.

தலைக்கு மேலே வானத்திலும் இதே கதைதான். கோடிக்கணக்கான விண்மீன்கள் சேர்ந்த திரள்களுக்குள், ஒன்றையொன்று நெருக்கியடித்து நிற்பவற்றில் பல, விண்மீன் பிறக்கத் தேவையான வாயுவைப் பறிகொடுத்துவிட்டுப் பழைய வெளிச்சத்தோடு நிற்கின்றன. ஒதுக்குப்புறமாக இருப்பவற்றில் பல, இன்றும் புது விண்மீன்களைப் பெற்றெடுக்கின்றன.

ஒருவர் மின்னவில்லை என்று பழிக்கும் முன், அவர் நிற்கும் மண்ணில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.